ஐக்கியத்தின் எல்லைகள்: வாசுதேவநல்லூர் வட்டாரத்தை முன்வைத்துத் தென்னிந்திய திருச்சபையின் பின்னணியும் சபை அடையாளமும்

ஆய்வுச்சுருக்கம்

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் உருவான தென்னிந்திய திருச்சபை, ஆயராட்சி மரபுடைய சபைகளும் அம்மரபை ஏற்காத சபைகளும் ஒன்றிணைந்ததால் உலகக் கிறித்தவ வரலாற்றில் தனியிடம் பெற்றது. எனினும் அவ்விணைப்பு ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரே பொருளில் நிகழவில்லை. திருநெல்வேலித் திருமண்டலத்தின் வடமேற்குப் பகுதியான வாசுதேவநல்லூர் வட்டாரத்தை நோக்குநிலையாகக் கொண்டு, ஐக்கியம் எதனை இணைத்தது, எதனைத் தொடாமல் விட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஊழியர் நிலை குறித்த வேற்றுமையைத் தீர்த்த ஐக்கியம், சபையாரின் சமூக அடையாளத்தைத் தன் பொருளாகக் கொள்ளவில்லை என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: தென்னிந்திய திருச்சபை, ஐக்கியம், திருமண்டலம், சேகரம், வட திருநெல்வேலி, தலித் கிறித்தவர்

முன்னுரை

வாசுதேவநல்லூர், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவை ஒட்டி, சிவகிரிக்கும் புளியங்குடிக்கும் இடையே அமைந்த பேரூர். முன்பு சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்து, பின் சிவகிரி வட்டத்திற்குரியதாகி, 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. அர்த்தநாரீசுவரர் கோயிலாலும் பூலித்தேவரின் கோட்டையாலும் அறியப்பட்ட இவ்வூர், கிறித்தவ வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படுவதில்லை. திருநெல்வேலிக் கிறித்தவம் என்றாலே பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், நாசரேத், இடையன்குடி எனத் தேரிக்காட்டுப் பக்கமே ஆய்வாளர் பார்வை சென்றிருக்கிறது. அவ்வூர்களில் கிறித்தவர் அடர்த்தியாக வாழ்கின்றனர், ஆவணங்களும் மிகுதி. ஆனால் ஒரு திருச்சபையின் அடையாளம் அதன் நடுவிடத்தைக் காட்டிலும் விளிம்பிலேயே தெளிவாகப் புலப்படும். வாசுதேவநல்லூர் அத்தகைய விளிம்பு. இங்கிருந்து வடக்கே சிவகிரியைக் கடந்தால் விருதுநகர் மாவட்டம். திருச்சபை வழக்கில் அது வேறொரு பேராயரின் எல்லை.

இப்பகுதியின் பேச்சுவழக்கில் கிறித்தவர் 'வேதக்காரர்' எனவும் அவர்தம் ஆலயம் 'வேதக்கோயில்' எனவும் வழங்கப்பட்டன. இன்று அவ்விடத்தைச் 'சி.எஸ்.ஐ. கோயில்', 'ஆர்.சி. கோயில்', 'பெந்தெகொஸ்தே சபை' என்னும் பெயர்கள் பிடித்துக்கொண்டன. மூன்று ஆங்கில எழுத்துகள் ஒரு குடும்பத்தின் மண உறவு, கல்லறைத் தோட்டம், பண்டிகை நாள் ஆகியவற்றைச் சுட்டும் குறியாகிவிட்டன. அவ்வெழுத்துகள் சுருக்கி நிற்கும் பெயரில் 'ஐக்கியம்' என்ற சொல்லே இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தென்னிந்தியா என்னும் நிலப்பெயரே அத்திருச்சபையின் பெயராயிற்று.

ஐக்கியத்திற்கு முன்: அடுக்கடுக்கான மரபுகள்

திருநெல்வேலிச் சபை தொடக்கம் முதலே ஒற்றை மரபினதன்று. 1778இல் குளோரிந்தா அம்மையாருக்குத் திருமுழுக்களித்த ஸ்வார்ட்ஸ் ஒரு லூத்தரன் போதகர். அவரை ஆதரித்ததோ ஆங்கிலேய நிறுவனமாகிய எஸ்.பி.சி.கே. சங்கம். 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இடம்பெற்றவர்கள் நாற்பதுபேர். அவர்கள் பல சாதியினர். எஸ்.பி.சி.கே.யின் பணி 1820களில் எஸ்.பி.ஜி. சங்கத்திடம் சென்றது. அதற்குச் சற்று முன்னரே, 1820இல், சி.எம்.எஸ். சங்கத்தின் சார்பில் இரேனியுஸ் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அவரும் பிரஷ்யாவைச் சேர்ந்த லூத்தரன் மரபினர்.

ஆயர் வேண்டுமா, வேண்டாமா என்னும் வழக்கு மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான இறையியல் நுணுக்கம். தமிழ்க் கிறித்தவர்க்கு அது தொடர்பற்றது என்ற கருத்து எழுத்தில் அடிக்கடி காணப்படுகிறது. இரேனியுஸின் வரலாறு அதனை மறுக்கிறது. உபதேசியார்களை ஆயரின்றியே குருத்துவத்திற்கு அபிடேகம் செய்யலாம் என்பது அவர் நிலைப்பாடு. ஆங்கிலிக்கன் முறையை விமர்சித்து அவர் வெளியிட்ட எழுத்தும் சேர, 1835இல் சி.எம்.எஸ். அவரை நீக்கியது. சபைகளும் உபதேசியார்களும் இரண்டாகப் பிரிந்தனர். 1838இல் அவர் மறைந்த பின்னரே அப்பிளவு ஆறத் தொடங்கியது. 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை, மிஷனரி ஆதிக்கத்தை மறுத்து 'இந்து கிறிஸ்து திருச்சபை'யை உருவாக்கியது மற்றொரு பிளவு. திருச்சபையை யார் ஆளுவது என்ற வினாவை இவ்வட்டாரம் 1947க்கு நூறாண்டு முன்பே தன் சொந்த வினாவாக எழுப்பியிருந்தது.

வடபகுதியின் கதை சற்றுப் பிந்தியது. 1854இல் சி.எம்.எஸ். போதகர்களான தாமஸ் ராக்லாந்து, டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் ஆகிய மூவரும் 'வட திருநெல்வேலி சுற்றுப்பயண ஊழியம்' என்னும் முயற்சியைத் தொடங்கினர். தெற்கே இருந்ததுபோல் பங்களா, ஆலயம், பள்ளி, அச்சகம் என ஓரிடத்தில் வேரூன்றாமல், கூடாரமடித்து ஊர் ஊராகச் செல்வது அவர்தம் முறை. ராக்லாந்து 1858 அக்டோபரில் சிவகாசியில் காலமானார். இம்முயற்சியில் தென்பகுதிச் சபைகளிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்களின் பங்கு பெரிது. மூன்று கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளின் தியாகக் கதையாகவே அது எழுதப்பட்டு வந்ததால் அப்பங்கு மங்கிப்போயிற்று. வடபகுதியில் தென்பகுதியைப்போல் முழு ஊரும் கிறித்தவமான குடியேற்றங்கள் பரவலாக எழவில்லை. பல சாதித் தெருக்கள் கொண்ட ஊர்களில், ஒரு தெருவின் சில வீடுகளே சபையாக அமைந்தன. இன்றும் வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பகுதிச் சபைகளின் சிறுமைக்கும் சிதறிய நிலைக்கும் அதுவே காரணம் எனக் கருத இடமுண்டு.

1877இல் சார்ஜென்ட், கால்டுவெல் இருவரும் உதவி ஆயர்களாக்கப்பட்டனர். முன்னவர் சி.எம்.எஸ். சபைகளையும் பின்னவர் எஸ்.பி.ஜி. சபைகளையும் கண்காணித்தனர். ஒரே ஆங்கிலிக்கன் மரபுக்குள் இரு சங்கங்கள், இரு நிருவாகங்கள், இரு உதவி ஆயர்கள். 1896இல்தான் திருநெல்வேலி தனித் திருமண்டலமாகி, சாமுவேல் மார்லி முதல் பேராயரானார். மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் ஆங்கிலிக்கன் சபைகளும் அத்திருமண்டலத்திற்குள்ளேயே இருந்தன. இச்செய்தி பின்னர்த் தேவைப்படும்.

தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு

1919 மே முதலிரு நாட்களில் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் சபையினரும் தென்னிந்திய ஐக்கிய சபையினரும் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். தென்னிந்திய ஐக்கிய சபை 1908இல் கொங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் இணைந்து உருவானது. தரங்கம்பாடிக் கூட்டத்தில் கலந்துகொண்டோர் பெரும்பாலும் இந்தியர். அதை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்னும் சிறப்பைப் பெற்றவர். பிரிவினைகளை நாம் உண்டாக்கவில்லை, அவை நம்மீது சுமத்தப்பட்டவை என்பது அவ்வறிக்கையின் உட்கிடை. இரேனியுஸையும் சட்டம்பிள்ளையையும் நினைவிற் கொண்டால் இக்கூற்று முழு உண்மையன்று. ஆயினும் தேசிய இயக்கம் வலுத்த அக்காலச் சூழலில் அதற்கிருந்த ஆற்றலை மறுக்க இயலாது.

1920 முதல் கூட்டுக் குழு பேசத் தொடங்கியது. மெதடிஸ்டு சபையும் பின்னர் இணைந்தது. 1929இல் முதல் ஐக்கியத் திட்டம் அச்சேறியது. விவிலியம், இரு விசுவாசப் பிரமாணங்கள், இரு திருவருட்சாதனங்கள், வரலாற்றுவழி ஆயர் பதவி என்னும் நான்கும் அடிப்படையாயின. இழுபறி நேர்ந்தது நான்காவதில். ஆயர் கைவைத்து அபிடேகம் பெறாத குருமாரை ஏற்பதா, அன்றி அவர்களை மறுபடி அபிடேகம் செய்வதா? ஐக்கியத்தின்போது பணியிலிருந்த எல்லாக் குருமாரும் மறு அபிடேகமின்றி ஏற்கப்படுவர். அதன்பின் நிகழும் அபிடேகங்கள் யாவும் ஆயராலேயே நிகழும். முப்பதாண்டு இடைக்காலத்திற்குப் பின் எஞ்சியவை முடிவு செய்யப்படும் என்பது கண்ட தீர்வு. எந்தச் சபையின்மீதும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத வழிபாட்டு முறையோ ஊழியரோ திணிக்கப்படமாட்டார் என்ற உறுதிமொழியும் சேர்க்கப்பட்டது. நுட்பமான ஏற்பாடு இது. காலமே வேற்றுமையைத் தீர்க்கட்டும் என விட்டதனால் இருதரப்பாரும் தம் கொள்கையைக் கைவிடாமலே ஒரே கூரையின்கீழ் வர முடிந்தது.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இத்திட்டத்தைக் கண்டித்துத் தனிச் சிறுநூலே எழுதினார். தோர்ணக்கல் பகுதியின் நந்தியால் ஆங்கிலிக்கன் சபையாரில் பெரும்பாலோர் இணைய மறுத்து 1975 வரை வெளியே நின்றனர். ஆயர் மரபு பழுதுபடும் என அஞ்சி விலகிநின்ற அதே நந்தியாலில்தான், 2013இல் தென்னிந்திய திருச்சபையின் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா பொறுப்பேற்றார். வரலாறு இப்படியும் திரும்பும். தமிழகத்திலும் இத்தகைய முரண் உண்டு: ஐக்கிய அறிக்கை பிறந்த தரங்கம்பாடியைத் தன் பிறப்பிடமாகப் போற்றும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இந்த ஐக்கியத்தில் சேரவில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில், திருவிதாங்கூர்-கொச்சிப் பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமையில் தென்னிந்திய திருச்சபை பிரகடனம் செய்யப்பட்டது. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே ஆகியிருந்தன. யாழ்ப்பாணம் உட்படப் பதினான்கு திருமண்டலங்கள் அமைந்தன. அசரியா அதைக் காணவில்லை. 1945ஆம் ஆண்டின் முதல் நாளன்று அவர் மறைந்திருந்தார்.

வடக்கு எல்லை: ஐக்கியம் உணரப்பட்ட இடம்

மிஷன் சங்கங்கள் தம்முள் களங்களைப் பிரித்துக்கொண்டமையால், ஐக்கியத்தில் இணைந்த மரபுகளுள் திருநெல்வேலி மாவட்டத்தில் பெரும்பாலும் ஆங்கிலிக்கன் மரபே இருந்தது. எனவே 1947இல் இங்குள்ள ஓர் ஊர்ச்சபை வேற்று மரபின் சபை எதனோடும் கலக்க நேரவில்லை. குருவானவர் அவரே, சேகரம் அதுவே, ஆலயம் அதுவே. கன்னியாகுமரிப் பகுதியில் இலண்டன் மிஷன் சபைகளுக்கு ஆயர் என்பவரே புதியவர். மதுரையில் 1834 முதல் பணியாற்றிய அமெரிக்க மிஷன் சபைகளுக்கும் அவ்வாறே. திருநெல்வேலியிலோ ஆயரின் பட்டமும் ஆயர் பதவியும் பழையன. திருச்சபையின் பெயரொன்றே புதிது.

உண்மையான மாற்றம் நிகழ்ந்தது எல்லையில். 1910இல் ஆங்கில அரசு இராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கியபோது, திருநெல்வேலியிலிருந்து சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் அதனோடு சேர்க்கப்பட்டன. சங்கரன்கோவில் வட்டம் திருநெல்வேலியிலேயே நின்றது. ஆங்கிலிக்கன் திருமண்டலம் இப்பிரிவைப் பொருட்படுத்தவில்லை. சிவகாசியும் வாசுதேவநல்லூரும் ஒரே பேராயரின்கீழ்த் தொடர்ந்தன. 1947இல் மதுரை-இராமநாதபுரம் தனித் திருமண்டலமானபோது அரசு வகுத்த கோடு திருச்சபையின் கோடும் ஆயிற்று. ராக்லாந்து கூடாரமடித்த சிவகாசி வடக்கே போயிற்று. சங்கரன்கோவில் வட்டத்துச் சபைகள் தெற்கோடு நின்றன. வடக்கே போன ஆங்கிலிக்கன் சபைகள் அமெரிக்க மிஷன் சபைகளோடு ஒரே திருமண்டலமாயின. அதன் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகினோ ஸ்காத்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் மரபினர். தென்னிந்திய திருச்சபை எதற்காக உருவானதோ அதன் முழு அனுபவமும் எல்லைக்கு அப்பால் கிடைத்தது. இப்பாலிருந்த வாசுதேவநல்லூர் வட்டாரச் சபைகளோ, ஐக்கியத்தின் பெயரால் தம் வடக்கு உறவினரிடமிருந்து நிருவாக அளவில் பிரிக்கப்பட்டன. இணைப்பு பிரிப்பாகவும் செயற்பட்ட இந்நிலையைத் திருச்சபை வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து.

சொல்லும் வழிபாடும்

அப்படியாயின் இச்சபையார் தம்மை ஐக்கிய சபையினராக உணர்வது எதனால்? அரசியலமைப்பைவிடத் தமிழே அதற்குக் காரணம் எனலாம். பல மிஷன்களின் கூட்டு முயற்சியாக, ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் நிறைவுற்ற விவிலிய மொழிபெயர்ப்பு 'ஐக்கிய மொழிபெயர்ப்பு' என்றே பெயர் பெற்றது. 1947க்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே வாசுதேவநல்லூர் ஆங்கிலிக்கனும் மதுரைக் கொங்கிரிகேஷனலும் ஒரே வேதவசனத்தை ஓதினர். பாட்டும் அப்படியே. தஞ்சையின் லூத்தரன் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்டு வெப் 1853இல் தொகுத்து அச்சிட்டார். பின்னர் அவை எல்லாச் சபைகளின் பொதுச்சொத்தாயின.

'ஐக்கியம்' என்னும் சொல்லின் இருமுகத்தையும் இங்குக் கருதலாம். சைவ வழக்கில் ஐக்கியமாதல் என்பது வேறற ஒன்றாதல். தமிழ் விவிலிய வழக்கிலோ அது தோழமை, பங்குடைமை. தென்னிந்திய திருச்சபையின் ஐக்கியத் திட்டம் இரண்டாம் பொருளையே தழுவியது. ஆனால் ஆட்சிமுறை நிலையில் முப்பதாண்டுகளில் நிகழ்ந்தது முதற்பொருள். பழைய மரபுகள் ஆயராட்சிக்குள் கரைந்தன.

திருநெல்வேலி வழக்குச் சொற்கள் பல பழைய அடுக்குகளைத் தாங்கி நிற்கின்றன. பல ஊர்ச்சபைகளை ஒரு குருவின் பொறுப்பில் இணைக்கும் அலகுக்குச் 'சேகரம்' என்று பெயர். சபையார் செலுத்தும் நிலுவைக்குச் 'சங்கக் காணிக்கை' என்று பெயர். சொல்லிலேயே மிஷன் சங்கக் காலத்தின் வாடை அடிக்கிறது. ஆண்டுப் பண்டிகையில் ஊர்கூடி உண்ணும் 'அசனம்' இன்றும் சபையின் ஒற்றுமையைக் காட்டும் நிகழ்வு. யார் சமைப்பது, யார் பரிமாறுவது என்பதால் அதைச் சோதிக்கும் நிகழ்வும் அதுவே. பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'டி.டி.டி.ஏ.' என்னும் எழுத்துகள் உள்ளன. திருநெல்வேலித் திருமண்டல அறக்கட்டளைக் கழகத்தைக் குறிக்கும் அவை, தென்னிந்தியத் திருச்சபைக்கெனப் பொது அறக்கட்டளை நிறுவனம் அமைந்த பின்னரும் மாறவில்லை. ஊர்ப்புறத்தில் இந்துக் குடும்பங்களுக்கும் திருச்சபை அறிமுகமாவது இவ்வெழுத்துகளின் வழியேதான்.

ஐக்கியத்தின் தனிப் படைப்பு என்று சொல்லத்தக்கது 1950இல் வெளிவந்த திருவிருந்து ஆராதனை முறை. ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பாக நில்லாமல், பழைய கீழைத்திருச்சபை மரபுகளையும் அது எடுத்துக்கொண்டது. அவற்றுள் சமாதானம் வழங்குதல் சிறப்பானது. கேரளச் சிரியன் வழிபாட்டிலிருந்து வந்தது. குருவிடமிருந்து புறப்படும் சமாதானம், ஒருவர் கூப்பிய கைகளை மற்றவர் தம் கைகளுக்குள் ஏற்று அடுத்தவர்க்கு வழங்க, ஆலயம் முழுவதும் செல்கிறது. தெருவில் கைபடாத இருவர் ஆலயத்துள் கைபடுகின்றனர். சடங்கின் வலிமை அதுவே.

1950இன் இரு ஆவணங்கள்

அதே 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10 அன்று, அரசியலமைப்பின் அட்டவணைச் சாதிகள் ஆணை வெளியாயிற்று. இந்து சமயம் அல்லாத சமயத்தைப் பின்பற்றுவோர் அட்டவணைச் சாதியினராகக் கருதப்படார் என்கிறது அதன் மூன்றாம் பத்தி. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் சேர்க்கப்படவில்லை. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு ஆவணங்களும் ஒரே மனிதரைப் பற்றி இருவேறு கூற்றுகளைச் சொல்கின்றன. ஆராதனை முறை அவருக்குச் சாதி இல்லை என்று நடந்துகொள்கிறது. ஆணையும் அவருக்குச் சாதி இல்லை என்றே சொல்கிறது. சொல்லி, அவர்க்குரிய பாதுகாப்பை விலக்குகிறது.

வாசுதேவநல்லூரில் இது வெறும் கோட்பாடன்று. வாசுதேவநல்லூர் சட்டமன்றத் தொகுதி அட்டவணைச் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. சபைப் பட்டியலில் பெயருடைய தலித் கிறித்தவர் அத்தொகுதியில் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க இயலாது. தமிழக அரசின் பட்டியலில் அவர் பிற்படுத்தப்பட்டோர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோருவதிலும் அவருக்குச் சட்டத்தடை உண்டு. அவரை இழிவுபடுத்துவோர்க்கோ அவர் சமயம் ஒரு பொருட்டன்று. 1985இல் சூசை எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்சநீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே கடுமையில் இழிநிலை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வேண்டும் என்று கூறியது. 2022இல் ஒன்றிய அரசு நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்து இவ்வினாவை மறுபடி ஆராயச் செய்தது.

இந்நிலையில் திருமுழுக்குப் பதிவேடு ஓர் இடருள்ள ஆவணமாகிறது. சபையில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் என வாழும் வழக்கம் தமிழகத் தலித் கிறித்தவரிடையே பரவலாகப் பேசப்படுவது. இதைப் போலித்தனம் எனக் கடிவோர் திருச்சபைக்குள்ளேயே உண்டு. அவ்வாறு கடிவது எளிது. ஆனால் முப்பதாண்டு இடைக்காலத்தைத் தன் குருமாருக்கு வழங்கி, அவர்தம் இரட்டை நிலையைப் பொறுத்துக்கொண்ட திருச்சபை, தன் எளிய உறுப்பினரின் இரட்டை நிலையை மட்டும் ஒழுக்கக்கேடு எனக் காண்பது பொருந்துமா என்பது கேட்கத்தக்க கேள்வி. ஐக்கியத் திட்டம் எழுதப்பட்ட ஆண்டுகளில் கூட்டுக் குழு அபிடேகத்தைப் பற்றி விவாதித்த அளவிற்குச் சாதியைப் பற்றி விவாதிக்கவில்லை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் என்னும் பிரிவுகள் அதன் நோக்கில் தீர்க்கப்பட வேண்டிய பிளவுகள். நாடார், பள்ளர், பறையர் என்னும் பிரிவுகள் போதனையால் திருத்தப்பட வேண்டிய குறைகள். முன்னவற்றிற்குச் சட்டம் எழுதப்பட்டது. பின்னவை அறிவுரைக்கு விடப்பட்டன. திருமண்டலத் தேர்தல்கள் சாதிக் கணக்கின்வழி நிகழ்கின்றன என்ற இன்றைய குறைபாடு அங்கிருந்தே தொடர்கிறது.

வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் பகுதிச் சிறு சபைகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் மிஷனரி அறிக்கைகளோடு நின்றுவிடாமல், சேகர மன்றக் குறிப்பேடுகள், டி.டி.டி.ஏ. பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், திருமுழுக்குப் பதிவேடுகள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். ஒரே குழந்தை அம்மூன்றிலும் எப்பெயரால், எந்தச் சமூகத்தினராகப் பதியப்பட்டுள்ளது என்பதிலிருந்து அவ்வாய்வு தொடங்கலாம். உயிருடன் இருப்போரின் பதிவுகளை எடுத்தாளும்போது பெயர்களை மறைத்தல் இன்றியமையாதது. ஒரு சாதிச் சான்றிதழ் அதனால் கேள்விக்குள்ளாகலாம்.